பள்ளி எல்லை மாற்றம்: வேக் கவுண்டித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலினா மாநிலம் வேக் கவுண்டியில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

இலையுதிர் காலத்தில், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று பிரிக்கும், அடுத்த கல்வியாண்டுக்கான பள்ளி எல்லை வரைவை ஸ்கூல் போர்டு வெளியிடும். வெளியான அன்றே நம் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். "எங்க சப்டிவிஷனை (குடியிருப்பை) வேற ஸ்கூலுக்குத் தூக்கிட்டாங்க", "கேஸ் போடலாமா", "வீட்டை வித்துட்டுப் போயிடலாமா" என்று நள்ளிரவு வரை ஓடும். நடுவில் யாராவது ஒரு மனுவின் இணைப்பைப் போட்டுக் கையெழுத்து கேட்பார்கள். அப்படிப்பட்ட மனுக்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். ரீஅசைன்மென்ட், அதாவது பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவது, பற்றிய நம் கவலைகள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் மனுவில் ஏறுவது அந்தக் கவலைகள் இல்லை. நம்மை உண்மையில் வாட்டுகிற விஷயத்தை விட்டுவிட்டு, கேட்பவருக்கு எரிச்சல் வரும் விஷயத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எல்லை ஏன் மாறுகிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு, நம் தெருவைக் குறிவைத்து யாரோ செய்வதைப் போலத் தோன்றும். 1990-ல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஏறக்குறைய 4.23 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 11.29 லட்சம். கூடுதலாக வந்த அந்த ஏழு லட்சம் பேரில் நாமும் அடக்கம். மோரிஸ்வில் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆசிய வம்சாவளியினர். கேரியிலும் ஏபெக்ஸிலும் புகையிலை வயலும் பைன் காடுமாக இருந்த இடங்களில் நம் வீடுகள் நிற்கின்றன. அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். புதிய பள்ளி ஒன்று திறந்தால் சுற்றியுள்ள நான்கைந்து பள்ளிகளின் எல்லையும் நகர்ந்தே ஆகவேண்டும். திறக்காவிட்டால் இருக்கிற பள்ளியின் மைதானத்தில் டிரெய்லர் வகுப்பறைகள் முளைக்கும், அல்லது பள்ளிக்கு 'கேப்', அதாவது சேர்க்கைக்கு உச்சவரம்பு, விழும். கேப் விழுந்த பள்ளியின் எதிரிலேயே புதிதாகக் குடிவந்தாலும் உங்கள் பிள்ளை சில மைல் தள்ளியிருக்கும் வேறு பள்ளிக்குத்தான் போகவேண்டும்.

இதில் போர்டின் கை எவ்வளவு நீளம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் ஸ்கூல் போர்டுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. கட்டடப் பணம் கவுண்டி கமிஷனர்களிடமிருந்தும், வாக்காளர்கள் ஒப்புக்கொள்ளும் கடன் பத்திரங்களிலிருந்தும் வருகிறது. 2018-ல் 54.8 கோடி டாலருக்கும், 2022-ல் சுமார் 53 கோடி டாலருக்கும் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வகுப்புக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று மாநில சட்டமன்றம் எண்ணிக்கையைக் குறைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதே கட்டடத்தில் முன்பு இருந்த அளவு பிள்ளைகள் இப்போது கொள்ளவில்லை. இதெல்லாம் தெரியாமல் "ஏன் பக்கத்திலேயே இன்னொரு ஸ்கூல் கட்டக் கூடாது?" என்று மைக்கின் முன் கேட்டால் போர்டு உறுப்பினர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

இடமாற்றத்துக்கு நான்கு தூண்கள் என்று அவர்களே சொல்வார்கள்: கற்றல் அடைவு, நிலைத்தன்மை, அருகாமை, நிர்வாகச் சிக்கனம். இந்த நான்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. அருகாமையை மட்டும் பார்த்தால் ஒரு பள்ளி வழியும், அடுத்தது காலியாகக் கிடக்கும். சிக்கனத்தை மட்டும் பார்த்தால் ஒரே பிள்ளையை மூன்று ஆண்டில் இரண்டு முறை மாற்றிவிடுவார்கள். அதனால் போர்டிடம் போய் "உங்கள் கொள்கைப்படியே பார்த்தாலும், இந்த வரைவு நிலைத்தன்மையை இந்த இடத்தில் மீறுகிறது" என்று சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். "இது அநியாயம்" என்றால் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சரி, நம் உண்மையான கவலைகளுக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பஸ். ஒரே பஸ் காலையில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு அடுத்தடுத்து ஓட வேண்டும் என்பதால்தான் பள்ளிகளின் தொடக்க நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஹைஸ்கூல்கள் பல காலை 7:25-க்கே தொடங்கிவிடும். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டுநர் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. வரைபடத்தில் எல்லைக்கோடு மூன்று மைல் நகர்ந்தால், குளிர்காலத்தில் பதினான்கு வயதுப் பிள்ளை இருட்டில் தெருமுனையில் நிற்கும் நேரம் இன்னும் முன்னால் போகிறது. தூரத்தை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியாது, வழியில் எத்தனை நிறுத்தம் என்பதையும் பார்க்க வேண்டும். வரைவோடு சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் உத்தேச பஸ் நேரத்தையும் வெளியிடச் சொல்லி நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் பார்த்த மனுக்களில் அந்தக் கோரிக்கை இல்லை.

அடுத்தது, பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை. எல்லை மாறிய பிள்ளைகள் அதே பள்ளியில் நீடிக்க விண்ணப்பிக்கலாம். 'ஸ்டெபிலிட்டி டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுவாக அதற்குப் பஸ் கிடையாது, பெற்றோரே கொண்டுவிட்டுக் கூட்டி வரவேண்டும். அப்படியானால் இது யாருக்குக் கிடைக்கிற உரிமை? வீட்டில் இரண்டு கார், அதில் ஒருவராவது பிற்பகல் கார்பூல் வரிசையில் போய்க் காத்திருக்க முடிகிற வேலை, இந்த இரண்டும் உள்ளவர்களுக்கு. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவால் இங்கே கார் ஓட்ட முடியாது. கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று நிறுவனங்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டன. மருத்துவமனையில் ஷிப்டு பார்க்கும் தாய்க்கும், கடையில் மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் தகப்பனுக்கும் இந்த உரிமை காகிதத்தோடு சரி. ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, ஹைஸ்கூலின் கடைசி இரண்டு ஆண்டுகள் ஆகிய கட்டங்களில் இருக்கும் பிள்ளைகளுக்காவது பஸ்ஸோடு தொடர அனுமதி வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை. செலவு பிடிக்கும், அதனால் எதிர்ப்பு வரும். ஆனால் நமக்கு மட்டுமான கோரிக்கையாக இது தோன்றாது. கிழக்கு ராலேயிலிருந்து வரும் ஒரு தாயும் இதே வாக்கியத்தைச் சொல்ல முடியும்.

மூன்றாவது, நாள்காட்டி. இது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. இயர்‌-ரவுண்ட் பள்ளியில் பிள்ளைகளை நான்கு ட்ராக்காகப் பிரித்து, 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுப்பு என்று சுழற்றுகிறார்கள். எப்போதும் ஒரு ட்ராக் விடுப்பில் இருப்பதால் அதே கட்டடத்தில் கூடுதல் பிள்ளைகளை வைக்க முடிகிறது. புதிய ஆண்டு ஜூலையிலேயே தொடங்கிவிடும். ஹைஸ்கூலோ வழக்கமான நாள்காட்டியில், ஆகஸ்டில் தொடங்கும். இளையவள் ஒரு நாள்காட்டியிலும் மூத்தவன் இன்னொன்றிலும் மாட்டிக்கொண்டால் கோடையில் ஊருக்குப் போவது என்ற பேச்சே கிடையாது. தாத்தா பாட்டியைப் பார்க்க ஒரு பயணம், அதற்குச் சேர்த்து வைத்த விடுப்பு, ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்த டிக்கெட், எல்லாமே இந்த எல்லைக்கோட்டில் தொங்குகின்றன. கோடை விடுமுறைக்கு ஓரளவு ஒத்துப்போவதால்தான் ட்ராக் நான்குக்கு அவ்வளவு போட்டி. இயர்-ரவுண்டை நான் குறை சொல்லவில்லை. பிடித்துப்போய் அதிலேயே இருப்பவர்களும் நம்மில் நிறைய. வழக்கமான பள்ளியிலிருந்து இயர்-ரவுண்டுக்கு மாற்றும்போது குடும்பத்தைக் கேட்காமல் மாற்றுவதுதான் சிக்கல்.

இந்தச் சண்டை நமக்கு முன்பே நடந்தது. 2007-ல் பல பள்ளிகளை ஒரேயடியாக இயர்-ரவுண்டாக மாற்றியபோது பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று கீழ்நீதிமன்றம் சொன்னது. 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம், போர்டுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அதைத் தள்ளிவிட்டது. கேஸ் போடலாம் என்று குழுவில் கிளம்புகிறவர்கள் வக்கீலுக்குப் பணம் திரட்டும் முன் அந்தத் தீர்ப்பைப் படித்துவிடலாம்.

உடன்பிறந்தவர்களைப் பிரிக்காதீர்கள், ஒரு சிறிய சப்டிவிஷனை இரண்டாக வெட்டாதீர்கள், ஒருமுறை மாற்றிய பிள்ளையை அதே கட்டத்தில் மறுபடி மாற்றாதீர்கள் என்பவையும் நியாயமானவைதான். அவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

இப்போது, மனுவில் எழுதக் கூடாதவற்றுக்கு வருகிறேன். இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும்.

"இந்த ஸ்கூலுக்காகவே இந்த விலை கொடுத்து இந்த வீட்டை வாங்கினோம்." நம் மனுக்களில் அநேகமாக முதல் பத்தியிலேயே இது இருக்கும். வலி புரிகிறது. ஏலம் போட்டு, கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்கியவர்கள் நாம். ஆனால் விற்பவர் தந்த எந்தக் காகிதத்திலும் பள்ளி உத்தரவாதமாக எழுதப்பட்டிருக்காது. எல்லை மாறலாம் என்பது இந்தக் கவுண்டியில் வீடு வாங்கும் எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான். அதைவிட முக்கியமானது, ஒரு பொது அமைப்பின் முன் நின்று "நான் அதிக விலை கொடுத்தேன், ஆகவே என் பிள்ளைக்கு இந்தப் பள்ளி" என்று சொன்னால் கேட்பவர் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். பொதுப் பள்ளிக்கு நுழைவுச்சீட்டு விலை வைத்த மாதிரி இருக்கும். வாடகைக்கு இருப்பவரின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் உரிமை குறைவா?

"புதுப் பள்ளியின் ரேட்டிங் ஐந்து, எங்கள் பள்ளியின் ரேட்டிங் ஒன்பது." கிரேட்ஸ்கூல்ஸ் தளம் தரும் அந்த எண்ணைத்தான் வீடு விற்கும் தளங்கள் எல்லாம் எடுத்துப் போடுகின்றன. அது பெருமளவு தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் படிப்போடும் வருமானத்தோடும் ஒட்டிக்கொண்டே போகும். நம் பிள்ளைகள் முந்நூறு பேர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் இரண்டு எண்களும் நகரும், ஆசிரியர்கள் யாரும் மாறாமலேயே. அந்தப் பள்ளியில் என்ன உயர்நிலைக் கணக்கு வகுப்பு இருக்கிறது, ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்கள் எத்தனை, ஆர்கெஸ்ட்ரா உண்டா, என் மகள் பாதியில் நிற்கும் பிரெஞ்சுப் பாடத்தைத் தொடர ஆசிரியர் உண்டா என்று கேட்டால் போர்டு பதில் சொல்லியே ஆகவேண்டும். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் "அந்த அப்பார்ட்மென்ட் பசங்க." மனுவில் இதை யாரும் எழுதுவதில்லை. குழுவில் எழுதுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எங்கே வேண்டுமானாலும் போகும் என்பது இருக்கட்டும், நாம் எல்லோரும் விமானம் விட்டு இறங்கிப் பெட்டியை வைத்தது எங்கே? இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்ட்டில்தானே? நேற்று வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருப்பவர்களின் பிள்ளைகளே.

இந்தப் பேச்சு இந்த ஊரில் வெற்றிடத்தில் விழுவதில்லை. ராலே நகரப் பள்ளிகளும் கவுண்டிப் பள்ளிகளும் 1976-ல் இணைந்தது, கறுப்பினப் பிள்ளைகள் நகரத்துக்குள்ளும் வெள்ளையினப் பிள்ளைகள் வெளியிலும் என்று பிரிந்துகொண்டிருந்த காலத்தில். 1982-ல் நகரத்துப் பள்ளிகளை, சிறப்புப் பாடத்திட்டம் கொண்ட மேக்னட் பள்ளிகளாக்கி வெளியிலிருந்து பிள்ளைகளை ஈர்த்தார்கள். நம் பிள்ளைகளில் பலர் ஆசைப்பட்டு விண்ணப்பிக்கும் மேக்னட் பள்ளிகளின் தோற்றுவாய் அதுதான். 2000-ல் இனத்துக்குப் பதில் வருமானத்தை அளவுகோலாக எடுத்தார்கள். எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை விலை உணவு பெறும் பிள்ளைகள் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. நாடே திரும்பிப் பார்த்த திட்டம். அதற்காகச் சில பிள்ளைகள் நெடுந்தூரம் பஸ்ஸில் போனார்கள், பெற்றோர் கொதித்தார்கள். 2009 தேர்தலில் எதிர்ப்பாளர்கள் பெரும்பான்மை பிடித்து, 2010-ல் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அந்தக் கொள்கையை முடித்துவைத்தார்கள். கூட்ட அரங்கில் போராட்டம், கைது வரை போனது. 2011-ல் மறுபடி பெரும்பான்மை மாறியது. அடுத்த ஆண்டு பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் நீக்கப்பட்டார், பெற்றோரே பள்ளியைத் தேர்ந்தெடுக்க அவர் கொண்டுவந்த திட்டமும் போனது. மைக்கின் முன் நின்று நாம் "அருகாமைப் பள்ளி" என்று சாதாரணமாகச் சொல்லும் சொல், அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் வயதான ஒரு கறுப்பினப் பாட்டிக்கு வேறு விதமாகக் கேட்கும். அருகாமை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடுகளே விலைப்படி பிரிந்து கிடக்கும் ஊரில், பக்கத்துப் பள்ளி என்பது மட்டும் நடுநிலையான கோரிக்கை ஆகிவிடாது. அந்த வரலாறு தெரிந்தே பேசுகிறோம் என்று காட்டிவிட்டுப் பேசலாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் நம்மில் எத்தனை பேர் தெருக்கோடியில் இருந்த பள்ளியில் படித்தோம்? நாலு பள்ளியைத் தாண்டி, பதினைந்து கிலோமீட்டர் வேனில் நசுங்கிக்கொண்டு 'நல்ல ஸ்கூலுக்கு' போன தலைமுறை நாம். அப்போது தூரம் ஒரு பொருட்டாகவே இல்லை. இங்கே நான்கு மைல் கூடினால் பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டது என்கிறோம். அப்படியானால் தூரம் பிரச்சினை இல்லை, பள்ளியின் பெயர்தான் பிரச்சினை என்று எதிரில் இருப்பவர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "நமக்கு ஓட்டே இல்லை, நாம் பேசினால் யார் கேட்பார்கள்? பேசினால் ஏதாவது சிக்கல் வருமா?" என்ற தயக்கம் இருக்கிறது. போர்டின் ஒன்பது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நம்மில் பலருக்கு வாக்கில்லை என்பது உண்மை. ஆனால் பொதுக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப் பள்ளியின் கதவைப் பிள்ளைக்கு மூடக் கூடாது என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆவணமே இல்லாத குடும்பங்களின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. எச்1பி-யில் வரி கட்டிக்கொண்டு இருப்பவர் கூனிக்குறுக வேண்டிய அவசியம் இல்லை. வாக்கு உள்ளவர்களுக்கும் ஒன்று: குடியுரிமை வாங்கிய கையோடு அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கிறோம். வாக்குச்சீட்டின் கீழே இருக்கும் ஸ்கூல் போர்டு வரிசையை வெற்றாக விட்டுவிட்டு வருகிறோம். நம் தெருவின் எல்லைக்கோட்டைப் போடுவது அதிபர் இல்லை.

வரைவு வந்தபின் என்ன செய்யலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். கேரியில் நடக்கும் போர்டு கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். இருபது பேர் போய் ஒரே வாக்கியத்தை இருபது முறை சொல்வதைவிட, ஐந்து பேர் ஐந்து வேறு விஷயங்களைச் சொல்வது மேல். ஒருவர் பஸ் நேரம் பேசட்டும். காலையில் தன் தெருவிலிருந்து புதுப் பள்ளிக்கு அந்த நேரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ஒருவர் இரண்டு நாள்காட்டியில் பிள்ளைகள் உள்ள வீட்டின் கதையைச் சொல்லட்டும். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனையே பேசவிடுங்கள், நம்மைவிட நன்றாகப் பேசுவான், ஆங்கிலமும் சரளமாக இருக்கும். பஸ் இல்லாத டிரான்ஸ்ஃபரைப் பற்றிப் பேசுபவர் நம் ஆளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே எல்லை மாற்றத்தில் அகப்பட்ட ஸ்பானிய மொழிக் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து மனு எழுதினால் இரண்டு தரப்புக்கும் பலம். இதுவரை நாம் அவர்கள் கதவைத் தட்டியதில்லை, தமிழ்ப் பள்ளி, கோயில் குழுக்களைத் தாண்டி நம் மனு போவதே இல்லை.

மனுவில் மூன்று கோரிக்கை போதும். வரைவோடு பஸ் நேரத்தையும் வெளியிடுங்கள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பஸ்ஸோடு தொடர அனுமதி கொடுங்கள். நாள்காட்டி மாறும் இடங்களில் உடன்பிறந்தவர்களுக்கும், ட்ராக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் முன்னுரிமை கொடுங்கள். நான்காவதாக வீட்டு விலையைச் சேர்க்கச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். அவருக்கு டீ கொடுத்து உட்காரவைத்து, வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் என் பங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். திருத்தித் தர யாராவது முன்வந்தால், வரைவு வெளியாவதற்கு முன்பே அதைச் சுற்றுக்கு விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மேற்கு வேக் பகுதியிலிருந்து ஒரு தாய்